பெரிய பைக் மீனுக்குக் கயாக்கில் போகும்போது

கரையில் நின்று 70, 80 செ.மீ. வரை பைக் மீன் (pike, குளிர்நாட்டு நன்னீரில் வாழும் நீண்ட உடம்புள்ள வேட்டை மீன்) பிடித்துப் பழகியவர் நீங்கள். இப்போது கயாக், அதாவது துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுங்கிய சிறு படகு, வாங்கிவிட்டீர்கள். ஏரிக்குள் போய் மீட்டரைத் தாண்டிய ஒன்றைப் பிடிக்க வேண்டும், எந்த லூர் (செயற்கை இரை) வாங்கலாம், எங்கே போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மீன் தூண்டிலில் சிக்கி, கயாக்கின் பக்கவாட்டில் வந்து நிற்குமே, அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான் இதில் கஷ்டமான பகுதி. அதற்குத் தயாராகாமல் மற்ற எதற்கும் தயாராகிப் பயனில்லை.

என் முதல் மீட்டர் மீன் எப்படிப் போனது என்று சொல்கிறேன். இருப்பதிலேயே சின்ன வலையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மீனின் பாதி உடம்புதான் அதற்குள் போனது. அவசரத்தில் மீனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். லூரில் மும்முனைத் தூண்டில் முட்கள் இரண்டு. ஒன்று மீனின் தாடையில், இன்னொன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மீன் ஒரே ஒரு முறை உடம்பை உதறியது. வெளியே இருந்த முள் என் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஏழெட்டுக் கிலோ மீன் ஒரு முனையில், என் கை மறு முனையில், நடுவே லூர். முள்ளை வெட்டும் குறடு பெட்டிக்குள். பெட்டி இருக்கைக்குப் பின்னால். முழங்காலால் மீனை அழுத்திக்கொண்டு, வலது கையால் பின்னால் துழாவிக் குறட்டை எடுத்து முள்ளை வெட்ட நெடுநேரம் பிடித்தது. என் கை ஆறிவிட்டது. அந்த மீன் பிழைக்கவில்லை. தண்ணீரில் விட்டதும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு புரண்டது. அரை மணி நேரம் வாலைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தும் பயனில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து நான் மீனைக் கயாக்குக்குள் கொண்டு வந்து முள்ளைக் கழற்றுவதில்லை. மீன் வலைக்குள் போனதும் வலையைத் தண்ணீரிலேயே வைத்து, அதன் பிடியை இரண்டு தொடைகளுக்கும் அடியில் கொடுத்து உட்கார்ந்துகொள்வேன். மீன் நீருக்குள் இருக்கிறது, மூச்சு விடுகிறது, உதறினாலும் வலையைத்தான் உதறும். இரண்டு கையும் எனக்கு மிச்சம். இதற்கு வலை பெரிதாக இருக்க வேண்டும்: வாய் குறைந்தது 70 செ.மீ. அகலம், நல்ல ஆழமான பை, ரப்பர் பூசிய கண்ணி. வெறும் நைலான் கண்ணி மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், மீனின் துடுப்புகளைக் கிழிக்கும், முட்களும் அதில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். பிடி குட்டையாக இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில் நீளமான பிடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மூக்கு நீண்ட குறடு ஒன்று, 25 செ.மீ.க்குக் குறையாமல். முள்ளையே வெட்டக்கூடிய கட்டிங் பிளேயர் ஒன்று. இரண்டையும் கயிற்றில் கட்டி, லைஃப் ஜாக்கெட்டின் முன்பக்கத்திலேயே தொங்க விடுங்கள். பெட்டிக்குள் வைத்தது அவசரத்துக்கு உதவாது. அப்புறம், புதிய லூர் எதை வாங்கினாலும் முதல் வேலையாக முள்ளின் எதிர்முனையை, அதாவது நுனிக்குச் சற்றுப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சின்னக் கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். தூண்டில் நரம்பைத் தொய்ய விடாதவரை மீன் தப்பாது. உங்கள் கையில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும்.

பைக் மீனைப் பிடிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். செவுள் மூடிக்கு அடியில் விரல்களை நுழைத்து, மூடியின் உட்பக்கச் சுவரை ஒட்டியபடியே முன்னோக்கித் தாடை எலும்பு சேரும் இடம் வரை கொண்டு போக வேண்டும். சிவப்பாக இருக்கும் செவுள் இதழ்களில் விரல் படவே கூடாது. அந்த இடத்தில் பிடித்து லேசாக உயர்த்தினால் வாய் தானாகத் திறக்கும். மேல் அண்ணம் முழுக்கப் பற்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. உள்ளே போன எதுவும் திரும்பி வர முடியாத அமைப்பு அது. விரலும் அதில் சேர்த்தி. முள் ஆழத்தில் இருந்தால் வாய் வழியாகத் தோண்டாதீர்கள். முள்ளின் தண்டை வெட்டிவிடுவது மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஒரு முள்ளின் விலைக்காக அவ்வளவு பெரிய மீனை இழக்க வேண்டாம்.

இவ்வளவு கரிசனம் எதற்கு என்றால், மீட்டரைத் தாண்டிய பைக் மீன் ஏறக்குறைய எப்போதும் பெண்தான். ஆண் மீன் 90 செ.மீ.யைத் தொடுவதே அபூர்வம். பெண் மீன் அந்த அளவுக்கு வளரப் பெரும்பாலான ஏரிகளில் பத்து வருடமாவது ஆகும். ஒரு பருவத்தில் அது இடும் முட்டை லட்சத்தைத் தாண்டும். சின்னப் பைக் மீன்களைத் தின்று அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். அது போய்விட்டால் ஏரியில் 50 செ.மீ. மீன்கள் பெருகும், பெரியது இருக்காது. சாப்பிட வேண்டுமென்றால், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் நடுத்தர அளவில் ஒன்றை எடுங்கள்.

சரி, உங்கள் உயிர் விஷயம். பெரிய பைக் மீன் கிடைக்கும் காலம் குளிர்ந்த நீரின் காலம். வானிலை இதமாக இருக்கும், வெயில் முகத்தில் அடிக்கும், தண்ணீர் 7 டிகிரியில் இருக்கும். அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. வாய் தானாகத் திறந்து இழுக்கும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த பத்து நிமிடம்வரை கை கால் சொன்னபடி கேட்கும், பிறகு விரல்கள் எதையும் பிடிக்காது. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆக, லைஃப் ஜாக்கெட் போடாமல் விழுபவர்கள் பெரும்பாலும் குளிரில் சாகும் முன்பே மூழ்கிப் போகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்கில் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான். அது உடம்பில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் உள்ளே தண்ணீர் புகாத முழு உடை, அதாவது டிரை சூட், வேண்டும். உடையைக் காற்றுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்காதீர்கள், தண்ணீருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள்.

கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதைக் கோடையில், கரையோரம், ஒரு நண்பரை வைத்துக்கொண்டு பத்து முறை செய்து பாருங்கள். அதே உடையோடு, அதே ஜாக்கெட்டோடு. மேலே உட்காரும் வகைக் கயாக்கில் இது முடியும். உள்ளே நுழைந்து உட்காரும் வகையில் தண்ணீர் நிறைந்துவிட்டால் நடு ஏரியில் தனியாக மீள்வது மிகக் கடினம். அதனால்தான் மீன்பிடிக்க முதல் வகையைச் சொல்கிறேன், அதுவும் அகலமானதாக. ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: உங்கள் தலை கயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது. வலையை நீட்டும்போது கை போகலாம், தோள் சாயலாம், தலை மட்டும் நடுவிலேயே இருக்க வேண்டும். தலை வெளியே போனால் இடுப்பும் பின்னாலேயே போகும்.

கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளம்பும் இடத்தில் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், சுகமாகத்தான் இருக்கும். திரும்ப வேண்டிய நேரத்தில்தான் நடுவே அலை எழுந்திருப்பது தெரியும். முடிந்தவரை முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்பும்படி நாளைத் திட்டமிடுங்கள். செல்போன் நீர் புகாத உறையில் உங்கள் உடம்பில் இருக்கட்டும், கயாக்கில் வேண்டாம்.

இனி எங்கே என்ற கேள்வி. பெரிய மீன் வேண்டுமென்றால் முதலில் பெரிய மீன் வளரக்கூடிய ஏரி வேண்டும். சாதனை மீன்கள் பிடிபட்ட இடங்களைப் பாருங்கள். பிரிட்டனில் 1992-இல் சாதனை படைத்த 21 கிலோ மீன் வந்தது லாண்டெக்வெத் நீர்த்தேக்கத்திலிருந்து. அதை 2024-இல் முறியடித்த மீன் வந்தது சூ வேலி ஏரியிலிருந்து. இரண்டும் டிரவுட் மீன் வளர்த்து விடப்படும் நீர்நிலைகள். கொழுத்த தீனி கண்முன்னே நீந்துகிறது. அமெரிக்காவில் 1940-இல் கிட்டத்தட்ட 21 கிலோ எடையுள்ள மீன் பிடிபட்ட கிரேட் சகண்டாகா, அணை கட்டி 1930-இல்தான் நிரம்பத் தொடங்கிய நீர்த்தேக்கம். புதிதாகத் தண்ணீரில் மூழ்கிய புல்வெளி பைக் மீன் முட்டையிட மிக ஏற்ற இடம். அங்கே பிறந்த முதல் தலைமுறை வேகமாக வளரும். உலக சாதனையாகப் பதிவானது 1986 அக்டோபரில் ஜெர்மனியின் கிரெஃபெர்ன் ஏரியில் பிடிபட்ட 25 கிலோ மீன். உங்கள் ஏரியில் இப்படியொன்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் கை அகலத்துக்கும் மேல் உடம்புள்ள, கொழுப்பு நிறைந்த இரைமீன் கூட்டம் ஏரியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் எந்த லூரும் மீட்டர் மீனைக் கொண்டு வராது.

கரையில் பிடித்தவர்கள் கயாக்கில் ஏறியதும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கரையோரக் கோரையையும் பாசியையும் நோக்கியே லூரை வீசிக்கொண்டிருப்பார்கள். வசந்தத்தில் அது சரி. பனி உருகி நீர் 10 டிகிரியை நெருங்கும்போது பைக் மீன்கள் முழங்கால் ஆழத்தில் முட்டையிட வரும். பல இடங்களில் அப்போது பிடிக்கத் தடை இருக்கும். தடை இல்லாவிட்டாலும் அவற்றை விட்டுவிடுங்கள். முட்டையிட்ட பிறகு சில வாரங்கள் அருகிலேயே பசியோடு சுற்றும். அதற்குப் பின் நீர் சூடாக ஆக, சின்ன மீன்கள் பாசிக்குள்ளேயே இருக்கும், பெரியவை விலகிவிடும். பெரிய உடம்பு குளிர்ந்த நீரைத்தான் தேடும். மேல்மட்டம் 20 டிகிரியைத் தாண்டினால் அவை ஆழத்தில், குளிர்ந்த நீரும் போதிய ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கும் அடுக்கில் நிற்கும். அந்த நாட்களில் நான் பெரிய பைக் மீனுக்குப் போவதே இல்லை. சூடான நீரில் போராடிய மீன் நன்றாக நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்துப் போவது அதிகம்.

இலையுதிர் காலம்தான் கயாக்கின் காலம். நீர் 15 டிகிரியிலிருந்து 6 வரை இறங்கும் அந்த வாரங்களில் பாசி சாய்ந்து அழுகும், இரைமீன்கள் வெளியே வந்து கூட்டமாகும், பெரிய மீன்கள் குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பும். அப்போது பார்க்க வேண்டியது, பச்சையாக மிச்சமிருக்கும் பாசியின் வெளி விளிம்பு ஆழத்தில் சட்டென்று விழும் சரிவைத் தொடும் இடம். நீருக்குள் நீண்டிருக்கும் மேட்டின் முனை இன்னும் நல்லது. அதிலும் காற்று இரண்டு நாளாக ஒரே பக்கம் வீசியிருந்தால், அலை மோதும் கரைப்பக்கம். ஆனால் அந்தப் பக்கம்தான் கயாக்குக்கும் கடினம். உங்களால் சமாளிக்க முடியும் என்று தெரிந்த காற்றில் மட்டும் போங்கள்.

நீருக்குள் இருக்கும் மீனை ஒலியலையால் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் இருந்தால் பெரிய மீனைத் தேடாதீர்கள், இரைமீன் கூட்டத்தைத் தேடுங்கள். திரையில் மேகம் போலத் தெரியும். மிகப் பெரிய மீன்களில் சில பாசியையும் கரையையும் மறந்துவிட்டு, நடு ஏரியில் அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயோ பக்கத்திலோ அலைந்துகொண்டிருக்கும். கரையில் நிற்பவர் கை அங்கே எட்டாது. கயாக் உங்களுக்குக் கொடுக்கும் பெரிய வரம் இதுதான். இன்னொன்று சத்தமின்மை. துடுப்பைக் கயாக்கின் மேல் தட்டாமல், குறட்டைத் தரையில் போடாமல் இருந்தால், மீனுக்கு மிக அருகில் போய்விடலாம்.

நடு ஏரியில் தேட டிரோலிங் வசதியானது. லூரை 20, 30 மீட்டர் பின்னால் விட்டு, மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ராடு (தூண்டில் கோல்) உங்களுக்கு முன்னால், பார்வை படும் தாங்கியில் இருக்கட்டும். நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போங்கள். வளைவின் உட்பக்கம் லூர் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமெடுக்கும். பின்தொடர்ந்து வரும் மீன் அந்த மாற்றத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். லூரை வீசிப் பிடிக்க வேண்டுமென்றால் சரிவுக்கு இணையாகக் காற்றில் மிதந்துகொண்டே போகலாம். மிதப்பு வேகமாக இருந்தால், நீருக்குள் குடை போல விரியும் துணிப்பையை முனையில் கட்டி இழுக்க விடுங்கள், வேகம் பாதியாகும். நங்கூரம் போட்டால் முன் முனையிலோ பின் முனையிலோ மட்டும், ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய கட்டோடு. பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் அலையில் கயாக்கைக் கவிழ்த்துவிடும்.

சாமான்கள் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டிய, 100 கிராம் லூரை வீசக்கூடிய ராடு. கயாக்கின் முன் முனையைச் சுற்றிக் கொண்டு போகும் அளவுக்கு நீளம் வேண்டும். 0.28 மி.மீ. அளவிலான, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு. அதன் முனையில் 40, 50 செ.மீ. எஃகு அல்லது டைட்டானியம் கம்பி. தடித்த ஃப்ளோரோகார்பன் நரம்பைப் போதும் என்பவர்கள் உண்டு. பைக் மீனின் பல் எதையெல்லாம் அறுக்கும் என்று பார்த்த பிறகு நான் கம்பியை விடுவதில்லை. அறுந்து போனால் லூரை வாயில் வைத்துக்கொண்டு தவிப்பது மீன்தானே.

லூர்: 18 முதல் 25 செ.மீ. சாஃப்ட் லூர் (ரப்பர் போல மென்மையானது) இரண்டு நிறத்தில், பெரிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) ஒன்று, மெதுவாக மூழ்கும் ஜெர்க்பெய்ட் (வெட்டி வெட்டி இழுத்து ஆட்டும் லூர்) ஒன்று, டிரோலிங்குக்கு ஆழமாக இறங்கும் லூர் ஒன்று. ஐந்து போதும். 25 செ.மீ. பெரிதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். தன் நீளத்தில் பாதி அளவுள்ள மீனைக்கூடப் பைக் விழுங்கும். நீர் தெளிவாக இருந்தால் இரைமீனின் நிறம், கலங்கலாக இருந்தால் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும். பைக் மீனின் கண் மேலேயும் முன்னேயும் பார்க்கும்படி அமைந்தது; லூர் அதன் தலைக்குச் சற்று மேலே ஓட வேண்டும், கீழே ஓடினால் கவனிக்காது. குளிரக் குளிர வேகத்தைக் குறையுங்கள். 6 டிகிரியில் லூர் அநேகமாக நின்று நின்று வர வேண்டும். லூரை நீரிலிருந்து எடுக்கும் முன், கயாக்கின் பக்கத்தில் அகலமாக ஒரு வளைவு போடுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் கடைசியில் கடிக்கும் இடம் அதுதான்.

சிக்கியதும் முதலில் மற்ற ராடைச் சுருட்டி ஓரமாக வைக்க நேரம் இருக்காது. அதனால்தான் வீசும்போது ஒரே ராடு போதும் என்பேன். மீன் இழுத்தால் நரம்பு ஓடாதபடி தடுக்கும் ரீலின் பிடியை (டிராக்) முழுவதும் இறுக்கி வைக்காதீர்கள். பெரிய மீன் கயாக்கையே இழுக்கும். அது உங்களுக்கு நல்லதுதான், இழுத்து இழுத்துச் சீக்கிரம் களைக்கும். ராடை முன்பக்கமாகவே வைத்து, மீன் உங்களைக் கயாக்கின் மூக்குத் திசையில் இழுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு இழுப்புதான் ஆபத்து. கயாக்குக்கு அடியில் பாய்ந்தால் பயந்து மேலே தூக்காதீர்கள். ராடு முறியும், இல்லையென்றால் நீங்கள் சாய்வீர்கள். ராடின் நுனியை நீருக்குள் அழுத்தி, முன் முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டு வாருங்கள். வலையைப் பார்த்ததும் ஒரு கடைசி ஓட்டம் நிச்சயம் உண்டு, அதற்கு நரம்பை விட்டுக்கொடுங்கள். வலை நீருக்குள் அசையாமல் இருக்க, மீனின் தலையை அதன் மேல் கொண்டு வர வேண்டும். வலையால் மீனைத் துரத்தினால் வெளியே தொங்கும் முள் கண்ணியில் மாட்டி மீன் வெளியே நிற்கும்.

எடை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கயாக்கில் அது சரிப்படாது, நீளம் அளந்தால் போதும். நல்ல நிலையில் உள்ள 100 செ.மீ. மீன் சுமார் 7 முதல் 8 கிலோ. 120 செ.மீ. என்றால் 13 கிலோவை நெருங்கும், ஏனென்றால் நீளம் கூடும்போது உயரமும் தடிமனும் சேர்ந்தே கூடுகின்றன. நனைத்த அளவுப் பலகையைத் தொடையில் வைத்து, கேமராவைத் தயாராக ஓடவிட்டு, முள்ளெல்லாம் கழன்ற பிறகே மீனை ஒரு முறை எடுங்கள். ஒரு கை தாடையில், ஒரு கை வயிற்றுக்கு அடியில், படுக்கை வாட்டில். தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்க விட்டால், அவ்வளவு எடையைத் தாங்க அதன் எலும்பும் தசையும் அமைந்ததில்லை. நீங்கள் எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவீர்களோ அவ்வளவு நேரத்துக்குள் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். பிறகு வாலின் அடிப்பகுதியைப் பிடித்து நிமிர்ந்த நிலையில் வைத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டத் தேவையில்லை. தயாரானதும் அதுவே உங்கள் கையை உதறிக்கொண்டு போகும்.

போன பிறகு உடனே லூரை வீசாதீர்கள். கை நடுக்கம் அடங்கட்டும். ஆழம், நீரின் வெப்பம், காற்று எந்தப் பக்கம், என்ன நேரம், இரைமீன் கூட்டம் எத்தனை மீட்டரில் இருந்தது என்று எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அந்த மேட்டின் முனையில் அடுத்த வருடமும் அதே வாரத்தில் ஒரு பெரிய மீன் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒருவேளை அதே மீனாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள வெளிர்ப்புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் மாறும், படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.